ஊட்டியில் இரண்டு நாள் ஆர்பிஜி: முதன்முறை மேசையில் உட்காருபவர்களுக்கு

டேபிள்டாப் ஆர்பிஜி என்பது ஒரு மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, பேசிப் பேசியே ஒரு கதையை ஆடுவது. ஒருவர் ஜிஎம். உலகம், வழியில் எதிர்ப்படும் ஆட்கள், எதிரிகள் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கேரக்டர். கேரக்டர் செய்ய நினைப்பது பலிக்குமா என்று சந்தேகம் வருகிற இடத்தில் பகடை உருளும். ஆட்டம் இவ்வளவுதான். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி விற்பனைக்கு வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இந்த வகைக்குத் தொடக்கம். ஊரெங்கிலுமிருந்து ஆட்டக்காரர்கள் வந்து ஓரிரு நாள் சேர்ந்து ஆடுகிற கூடுகைகளில் இன்றும் அதிகம் ஓடுவது அதுதான். ஊட்டிக்கும் ஆட்ட விதிகளுக்கும் பழைய உறவு உண்டு: ஸ்னூக்கரின் விதிகளை எழுதிச் சுவரில் மாட்டியது 1882-ல் இங்குள்ள ஊட்டி கிளப்பில்.

வீட்டில் நண்பர்களோடு ஆடினால் கதை முடியாவிட்டாலும் அடுத்த வாரம் தொடரலாம். கூடுகையில் அந்த வசதி கிடையாது. முன்பின் தெரியாத ஐந்து பேர் உட்கார்ந்து, நான்கு மணி நேரத்தில் ஒரு கதையைத் தொடங்கி முடித்துவிட்டு எழுந்து போக வேண்டும். இப்படி ஒரே அமர்வில் முடிவதை ஒன்ஷாட் என்பார்கள். கீழே வருகிற யோசனைகளில் பெரும்பாலானவை அந்த நான்கு மணி நேரத்தைக் காப்பாற்றத்தான்.

மலையேறும் முன்

சிறிய கூடுகைகளில் வழக்கமாக மூன்று ஸ்லாட் இருக்கும்: சனி காலை 10 முதல் 2 வரை, மாலை 3 முதல் 7 வரை, ஞாயிறு காலை 9 முதல் 1 வரை. மூன்றுக்கும் பெயர் கொடுக்காதீர்கள். முதன்முறை வருபவருக்குச் சனிக்கிழமை ஒரு ஸ்லாட், ஞாயிறு ஒரு ஸ்லாட் போதும். நான்கு மணி நேரம் கேட்டு, யோசித்து, பேசுவது உடம்பைவிட மூளைக்கு அசதி. மூன்றாவது ஸ்லாட்டில் கொட்டாவி விடுகிற ஆளால் மேசை முழுக்கத் தூங்கும்.

மலை ரயிலில் வந்து இறங்கி நேராக ஆட உட்காரலாம் என்று கணக்குப் போடுபவர்கள் பலர். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குப் புறப்படும் ரயில் 46 கிலோமீட்டர் ஏறி ஊட்டி சேர நண்பகல் ஆகிவிடும். காலை ஸ்லாட் போச்சு. மழைக்காலத்தில் கல்லாருக்கும் குன்னூருக்கும் இடையே மண் சரிந்தால் ரயிலே ரத்தாகும். ரயில் ஆசை இருந்தால் வெள்ளிக்கிழமையே ஏறுங்கள். பேருந்து என்றால் கோவையில் மேட்டுப்பாளையம் சாலைப் பேருந்து நிலையத்திலிருந்து மூன்றரை மணி நேரம் வையுங்கள். வழியில் விதிப் புத்தகம் படிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். கொண்டை ஊசி வளைவுகளில் சின்ன எழுத்தைப் பார்த்தால் பர்லியாறு தாண்டுவதற்குள் வயிறு பதில் சொல்லிவிடும்.

சொந்த வாகனத்தில் வருபவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே 7 முதல் இருக்கிற நடைமுறை இது. ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று வரம்பு வைக்கிற காலமும் உண்டு என்பதால், சனிக்கிழமை காலை சோதனைச் சாவடியில் நின்று போனில் தட்டுவது ஆபத்து. அரசுப் பேருந்தில் வந்தால் இந்தக் கவலை இல்லை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை. பையில் இருந்தால் பறிமுதல் ஆகும், அபராதமும் விழும். எவர்சில்வர் பாட்டில் ஒன்று எடுத்து வந்து தண்ணீர் ஏடிஎம்மில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

மாதம் பற்றி ஒரு வார்த்தை. ஏப்ரல், மே சீசனில் அறை வாடகையும் போக்குவரத்தும் கழுத்தை நெரிக்கும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி. அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கனமழை. கூடுகை நடத்துபவர்கள் தேதி குறித்து உங்களைக் கேட்டால் பிப்ரவரியைச் சொல்லுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தேர்வு நேரம் என்பார்கள். அதுவும் உண்மைதான்.

எந்த மேசை

ஒவ்வொரு மேசைக்கும் ஜிஎம் நாலு வரி அறிமுகம் எழுதியிருப்பார். அதில் ஐந்து விஷயம் பாருங்கள். எந்த ஆட்டம், எந்தப் பதிப்பு. எந்த லெவல், அதாவது கேரக்டர் எவ்வளவு முன்னேறியவர். கேரக்டர் தயாராகக் கிடைக்குமா, நாம் கொண்டு வர வேண்டுமா. மேசையில் பேசும் மொழி எது. கதையின் குணம் எப்படி, சிரிப்பா திகிலா.

முதல் ஆட்டத்துக்குத் தயார் கேரக்டர் தருகிற மேசைதான் சரி. 'ப்ரீஜென்' என்று போட்டிருக்கும். சொந்தமாகக் கேரக்டர் செய்ய ஆசை வரும். ஆனால் புதியவருக்கு அது ஒரு மணி நேர வேலை, அந்த ஒரு மணி ஸ்லாட்டிலிருந்துதான் போகும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்றால் 2014 விதியா 2024 விதியா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றுபோல் தெரிந்தாலும் மந்திரங்களின் விவரத்தில் வித்தியாசம் உண்டு, தவறான பதிப்பைப் படித்துவிட்டு வந்தால் வாக்குவாதம்தான் மிஞ்சும். அடிப்படை விதிகளைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. வெளியீட்டாளரான விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் எஸ்ஆர்டி 5.1 என்ற தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக விட்டது. சமவெளியில் இருக்கும்போதே பிடிஎஃப்பை இறக்கிக்கொள்ளுங்கள். மேகம் மூடுகிற மாலையில் மண்டபத்துக்குள் சிக்னல் கிடைக்கும் என்ற நம்பிக்கை வேண்டாம்.

பையில் என்ன

ஏழு பகடை கொண்ட ஒரு செட். டி4, டி6, டி8, டி10, டி12, டி20 ஆகியவற்றோடு 00, 10, 20 என்று எண் போட்ட இன்னொரு டி10. 'டி'க்குப் பின்னால் வரும் எண் பக்கங்களின் எண்ணிக்கை. இரண்டு டி10-ஐயும் சேர்த்து உருட்டினால் 1 முதல் 100 வரை. 00-ம் 0-ம் விழுந்தால் அது நூறு, பூஜ்யம் என்று யாராவது வாதாடுவார்கள். 6, 9 இரண்டுக்கும் அடியில் கோடோ புள்ளியோ இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

பிரமிடு மாதிரி இருக்கிற டி4 உருளவே உருளாது, தொப்பென்று உட்காரும். வீட்டில் தாயக்கட்டை இருந்தால் அதில் ஒன்றை எடுத்து வாருங்கள். நான்கு நீளப் பக்கம், மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளி, ஒன்று வெறுமை. வெறுமையை நான்கு என்று வைத்துக்கொண்டால் அசல் டி4, உருட்டவும் சுகம். பித்தளைக் கட்டை மரமேசையில் எழுப்புகிற சத்தத்துக்குப் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதால் அடியில் ஒரு துண்டு விரியுங்கள். விளிம்புள்ள எவர்சில்வர் தட்டில் துண்டை மடித்துப் போட்டால் எல்லாப் பகடைக்கும் நல்ல உருட்டுத் தட்டு. தரையில் தேடி ஓடும் நேரம் மிச்சம்.

எச்பி பென்சில் இரண்டு, அழிரப்பர் ஒன்று. பேனா வேண்டாம். கேரக்டரின் உயிரைக் காட்டும் ஹிட் பாயிண்ட் ஆட்டத்தில் இருபது முறை மாறும், அடித்து அடித்து எழுதினால் கேரக்டரின் விவரம் எழுதிய தாள், அதாவது ஷீட், கிழியும். மூடுபனி நாளில் காகிதம் நமத்துப்போய் ஜெல் பேனா மையும் இழுபடும். ஷீட்டைக் கொஞ்சம் தடித்த தாளில், ஒரு பக்கம் மட்டும் அச்செடுத்து, அட்டை ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்வெட்டர் எடுத்து வரச் சொல்லத் தேவையில்லை, ஆனால் காலுறையை மறப்பார்கள். சிமென்ட் தரையில் நான்கு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் குளிர் காலிலிருந்துதான் ஏறும்.

தின்பண்டம் கொண்டு வரலாம், வர்க்கியைத் தவிர. தொட்டால் உதிரும், எண்ணெய் கையில் ஒட்டும், கையிலிருந்து ஷீட்டுக்கும் வரைபடத்துக்கும் போகும். அதை டீ இடைவேளைக்கு வையுங்கள். மேசைக்கு வறுத்த கடலையும் முந்திரியும் சரி.

ஷீட்டில் பார்க்க வேண்டிய ஆறு இடம்

தயார் கேரக்டர் கைக்கு வந்ததும் இரண்டு பக்கமும் எண்களாக இருப்பதைப் பார்த்து மிரளாதீர்கள். முதல் ஆட்டத்துக்கு ஆறு போதும்: ஹிட் பாயிண்ட், ஆர்மர் கிளாஸ் (உங்களைத் தாக்க எதிரி எட்ட வேண்டிய எண்), நடை வேகம், தாக்குதலுக்குக் கூட்டும் எண், தாக்கினால் எத்தனை சேதம், உங்கள் கேரக்டர் நன்றாகச் செய்யும் மூன்று திறன்கள். இந்த ஆறையும் பென்சிலால் வட்டமிடுங்கள். மந்திரம் போடுகிற கேரக்டர் என்றால் எல்லா மந்திரத்தையும் படிக்க வேண்டாம். இரண்டைத் தேர்ந்தெடுத்து, அவற்றை மட்டும் முழுமையாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

வலிமை, சுறுசுறுப்பு போன்ற ஆறு குணங்களுக்கும் இரண்டு எண் இருக்கும். 16 என்று ஒன்று, பக்கத்தில் +3 என்று இன்னொன்று. ஆட்டத்தில் வேலை செய்வது இரண்டாவது எண்தான். முதல் எண்ணில் 10-ஐக் கழித்து, பாதியாக்கி, அரை வந்தால் கீழே இருக்கும் முழு எண்ணை எடுத்தால் அது வரும்.

உருட்டுவது எப்படி என்று ஒரு கணக்கு. முதல் லெவல் ரோக் (பதுங்குவதில் தேர்ந்த கேரக்டர்) ஒருவர் காவலாளி காதில் விழாமல் ஓட்டு மேல் நடக்கப் பார்க்கிறார். சுறுசுறுப்பு +3, பயிற்சி +2, ஆக +5. ஜிஎம் வைத்த கடினம், அதாவது பகடையோடு இதைக் கூட்டி எட்ட வேண்டிய எண், 15. டி20-ல் 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும், அதாவது நூற்றுக்கு 55. சக கேரக்டர் யாராவது காவலாளியைப் பேச்சில் இழுத்து வைத்தால் ஜிஎம் 'அட்வான்டேஜ்' தரலாம். டி20-ஐ இரண்டு முறை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்வது. அப்போது வாய்ப்பு 80-ஐத் தொடும். மழையில் ஓடு வழுக்குகிறது என்றால் 'டிஸ்அட்வான்டேஜ்', இரண்டில் மோசமானது. வாய்ப்பு 30-க்கு இறங்கும். உருட்டுவதற்கு முன்னால் சூழலை உங்களுக்குச் சாதகமாக மாற்றுவதுதான் இந்த ஆட்டத்தில் கெட்டிக்காரத்தனம். புதியவர்கள் நேரே பகடையை எடுத்துவிடுகிறார்கள்.

டி20-ல் 20 விழுந்தால் எதுவும் நடக்கும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. விதிப்படி அது தாக்குதலுக்குத்தான். திறன் சோதனையில் 20 என்பது வெறும் 20. சில ஜிஎம்கள் விட்டுக்கொடுப்பார்கள், அது அவர்கள் தாராளம்.

மேசையில்

முதல் இருபது நிமிடம் அறிமுகம். உங்கள் கேரக்டரை மூன்று வரியில் சொல்லுங்கள்: பெயர், பார்க்க எப்படி, இந்த வேலைக்கு ஏன் வந்தான் அல்லது வந்தாள். நான்கு பக்கப் பூர்வகதை எழுதி வந்து படிப்பவர்கள் உண்டு. ஐந்து பேரும் அப்படிப் படித்தால் டீ வந்துவிடும்.

மேசை நடுவில் ஒரு அட்டையில் பெரிய பெருக்கல் குறி போட்டிருக்கும். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் என்பவர் உருவாக்கிய எக்ஸ் கார்டு அது. கதை உங்களுக்கு ஒவ்வாத இடத்துக்குப் போனால் அதைத் தொட்டால் போதும். ஜிஎம் அந்தக் காட்சியைத் தாண்டிப் போவார், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. அறிமுகமில்லாதவர்களோடு ஆடும்போது இது கட்டாயம். குழந்தைக்கு நேரும் கொடுமை, சாதி வசவு, பாலியல் வன்முறை மூன்றும் எங்கள் மேசையில் வராது என்று ஜிஎம் தொடக்கத்திலேயே சொன்னால் பாதிச் சிக்கல் எழவே எழாது.

தமிழில் ஆடுவதற்கென்று சில நுணுக்கங்கள் உண்டு. ஆங்கில விதிப் புத்தகம் எதிலும் இவை கிடைக்காது. முதலாவது, நாமும் நாங்களும். "நாம கதவைத் தொறக்கலாமா?" என்பது சக ஆட்டக்காரர்களிடம் கேட்பது. "நாங்க கதவைத் தொறக்கறோம்" என்பது ஜிஎம்மிடம் அறிவிப்பது. முதலாவதற்கு எல்லாரும் தலையாட்டிய பிறகு இரண்டாவதைச் சொல்லுங்கள். அவசரக்காரர் ஒருவர் நேரே 'நாங்க' என்று சொல்லி, உள்ளே இருந்த பொறியில் ஐந்து பேரையும் மாட்டிவிடுவது எல்லா மேசையிலும் நடக்கிறது. நல்ல ஜிஎம் அந்த இடத்தில் நிறுத்தி, 'நாங்க'ன்னா யார் யார் என்று கேட்பார்.

இரண்டாவது, உறவுமுறை. "அண்ணே, கொஞ்சம் வழி விடுங்க" என்று நீங்கள் சொன்னால் அது ஜிஎம்முக்கா, கதையில் நிற்கும் காவலாளிக்கா? மேசையில் இருப்பவரை ஜிஎம் என்றோ பெயர் சொல்லியோ கூப்பிடுங்கள். அண்ணா, அக்கா, பாட்டி எல்லாவற்றையும் கதைக்குள் வருபவர்களுக்கு விட்டுவிடுங்கள். அங்கே அவை ஆயுதம். சத்திரக்காரக் கிழவியைப் 'பாட்டி' என்று தொடங்குகிறவனுக்கும் 'ஏ கெழவி' என்று தொடங்குகிறவனுக்கும் ஒரே கடினம் வைக்கிற ஜிஎம் காதில் தமிழ் விழவில்லை என்று அர்த்தம். ஷீட் ஆங்கிலத்திலும் பேச்சு தமிழிலும் இருப்பதில் தவறில்லை. சண்டையில் யார் முதலில் ஆடுவது என்ற வரிசையைக் குறிக்கும் 'இனிஷியேட்டிவ்' என்பதற்குத் தூய தமிழ்ச் சொல் தேடி நிற்காதீர்கள்.

சண்டை வந்தால் வேகம்தான் மரியாதை. உங்களுக்கு முந்தையவர் ஆடும்போதே என்ன செய்யப் போகிறீர்கள் என்று முடிவெடுங்கள். உங்கள் முறையில் நடக்கலாம், பெரும்பாலும் 30 அடி, வரைபடத்தில் ஆறு கட்டம். ஒரு செயல் செய்யலாம். சிலருக்கு ஒரு போனஸ் செயலும் இருக்கும், ஷீட்டில் எழுதாவிட்டால் இல்லை என்று பொருள். தாக்குதல் டி20-ஐயும் சேத டைஸையும் ஒன்றாகவே உருட்டுங்கள். பட்டால் சேதம் கையில் தயார், படாவிட்டால் விட்டுவிடலாம்.

ஐந்து பேர் ஐந்து பக்கம் பிரிந்து போவது, மற்றவர் காட்சியில் மூக்கை நுழைப்பது, போன் பார்ப்பது எல்லாம் எல்லாருக்கும் தெரிந்த தவறுகள். அதிகம் பேசப்படாத ஒன்று: சக கேரக்டரிடமிருந்து திருடிவிட்டு "என் கேரக்டர் அப்படித்தான்" என்பது. கேரக்டரை அப்படி வைத்துக்கொண்டது நீங்கள்தான். விதியில் ஜிஎம் தவறு செய்தால் ஒரு முறை சொல்லுங்கள். அவர் மறுத்தால் விட்டுவிட்டு இடைவேளையில் புத்தகத்தைக் காட்டுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நீங்களே ஜிஎம் ஆனால்

சனிக்கிழமை ஆடிவிட்டு ஞாயிறு மேசை நடத்தத் துணிபவர்கள் இருக்கிறார்கள். நடத்தலாம். ஆனால் சரக்கைக் குறையுங்கள்.

இருக்கை ஐந்து, அதற்கு மேல் வேண்டாம். காரணம் வெறும் கணக்கு. புதிய ஆட்டக்காரர் சண்டையில் ஒரு முறைக்கு இரண்டரை நிமிடம் எடுப்பார். ஐந்து பேருக்குப் பன்னிரண்டரை, உங்கள் எதிரிகளுக்கு நான்கு, ஒரு சுற்று பதினாறரை நிமிடம். நான்கு சுற்றுச் சண்டை ஒரு மணி நேரத்தைத் தின்னும். ஏழு பேர் என்றால் அதே சண்டை ஒன்றரை மணி, ஒவ்வொருவரும் தன் முறைக்கு இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். போன் அப்போதுதான் வெளியே வரும். ஆகவே ஒரு பெரிய சண்டை மட்டும். இரண்டாவது சண்டையைத் தயாரித்து வைத்தால் போட ஆசை வரும், அதனால் தயாரிக்கவே வேண்டாம்.

240 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். அறிமுகம் 20. தொடக்கக் காட்சி 40. தேடல், விசாரணை 60. டீ 15. உச்சக்கட்டம் 65. பின்விளைவு 25. கையிருப்பு 15. எண்கள் கொஞ்சம் இப்படி அப்படிப் போகலாம், ஒன்றைத் தவிர: டீ முடிந்து உட்காரும்போது, அதாவது 135-ஆவது நிமிடத்தில், அவர்கள் எங்கே இருந்தாலும் உச்சக்கட்டத்தின் கதவு திறந்துவிட வேண்டும். துப்பு துலங்கவில்லையா? எதிரியே தேடி வரட்டும். கதை முடியாமல் எழுந்துபோகும் மேசையை யாரும் மன்னிப்பதில்லை. துப்பைத் தூக்கிக் கையில் கொடுத்ததை இரண்டு நாளில் மறந்துவிடுவார்கள்.

துப்பு விஷயத்தில் புதிய ஜிஎம்கள் செய்கிற தவறு, கதை நகரத் தேவையான ஒரே தகவலை ஒரே ஒரு உருட்டலுக்குப் பின்னால் ஒளிப்பது. மேலே பார்த்த 55 சதவீதக்காரர் உருட்டினால், நூற்றில் 45 முறை உங்கள் கதை அங்கேயே படுத்துவிடும். அதே தகவலை மூன்று வெவ்வேறு இடத்தில் வையுங்கள். மூன்றும் தவறுவதற்கு வாய்ப்பு ஒன்பது சதவீதம்தான். ஒன்றையாவது உருட்டலே இல்லாமல் கொடுங்கள்.

பதுங்கிப் போவதும் இப்படித்தான். ஆளுக்கு 65 சதவீத வாய்ப்புள்ள நாலு பேர், நாலு பேரும் தப்பாமல் போக வேண்டும் என்று வைத்தால் மொத்த வாய்ப்பு 18 சதவீதம். பதுங்கல் எப்போதும் தோற்கிறதே என்று ஆட்டக்காரர்கள் அலுத்துக்கொள்வது இதனால்தான். பாதிப் பேர் வென்றால் குழுவே வென்றது என்று டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 5-ஆம் பதிப்பில் ஒரு விதி இருக்கிறது. அதைப் பிடித்தால் அதே நாலு பேருக்கு 87 சதவீதம்.

லெவல் 1 வேண்டாம், 2 வையுங்கள். மந்திரம் போடுகிற முதல் லெவல் விஸார்டுக்கு ஹிட் பாயிண்ட் எட்டு இருந்தால் அதிகம். 2014 விதியில் சாதாரண கோப்ளின் என்ற குட்டி அரக்கனின் அடி பட்டால் டி6+2 சேதம், 20 விழுந்தால் இரண்டு டி6+2. முதல் சுற்றிலேயே அவர் விழுந்து கிடப்பார், விழுந்தவர் ஒரு மணி நேரம் வேடிக்கை பார்ப்பார். லெவல் 3-ல் உயிர் கெட்டி, ஆனால் துணைவகுப்பும் (கேரக்டர் வகையின் உட்பிரிவு) இரண்டாம் நிலை மந்திரங்களும் சேர்ந்து ஷீட்டைப் படிக்கவே அரை மணி ஆகும்.

கருவிகளை ஊட்டி கடைத்தெருவிலேயே ஒப்பேற்றலாம். தினசரி காலண்டரின் பின்னட்டை மூன்றை டேப் போட்டு இணைத்தால், குறிப்புகளை மறைத்து வைக்க ஜிஎம் திரை. ஆட்டக்காரர் பெயர் எழுதிய துணி கிளிப்புகளை அதன் மேல்விளிம்பில் வரிசையாக மாட்டினால் யாருக்கு அடுத்த முறை என்று எல்லாருக்கும் தெரியும். முறை மாறினால் கிளிப்பை நகர்த்தினால் போதும். வரைபடத்துக்கு ஒரு முழு சார்ட் பேப்பர், ஓர் அங்குலக் கட்டம், ஒரு கட்டம் ஐந்து அடி. கட்டம் போடுவதை வீட்டிலேயே முடித்துவிட்டு வாருங்கள், மேசையில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுகிற ஜிஎம்மைப் பார்க்கப் பாவமாக இருக்கும். ஆள் குறிக்கு ஒரு ரூபாய் நாணயம் கச்சிதம். பத்து ரூபாயும் கேரம் காயும் அங்குலக் கட்டத்தைவிடப் பெரியவை, பக்கத்துக் கட்டத்தில் ஏறி உட்காரும். வினைல் வரைபடம் வைத்திருந்தால் ஈரத்துணியால் அழியும் மார்க்கர்தான் அதற்கு. ஒயிட்போர்டு மார்க்கரால் கிறுக்கினால் கறை போகாது.

கதைக்கு எங்கேயோ போக வேண்டாம், மலை ரயிலே போதும். மேலே ஏறும்போது எஞ்சின் ரயிலின் பின்னால் இருந்து தள்ளும். டிரைவருக்கு முன்னால் பாதை தெரியாது. பெட்டிகளின் முகப்பில் நிற்கும் பிரேக்ஸ்மேன்கள் காட்டுகிற கொடிதான் அவருக்குக் கண். இப்போது யோசியுங்கள்: ஹில்குரோவ் நிலையத்தில் தண்ணீர் பிடிக்க நின்ற ரயில், மூடுபனி, முன்பெட்டி பிரேக்ஸ்மேனைக் காணோம், ஆனால் யாரோ பச்சைக் கொடி காட்டுகிறார்கள். தொடக்கக் காட்சி தயார். தேட வேண்டிய இடம் ஒரு நிலையமும் நான்கு பெட்டியும் மட்டும், ஆட்டக்காரர்கள் ஊர் சுற்றக் கிளம்ப முடியாது. உச்சக்கட்டம் தானாக நகரும் ரயிலில். நான்கு மணி நேரக் கதைக்கு இப்படி மூடிய இடம்தான் வேண்டும்.

மலையைக் கதையாக்கும்போது ஓர் எச்சரிக்கை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் எல்லாரும் இங்கே இன்று வாழ்கிற மனிதர்கள், உங்கள் மேசையிலேயே ஒருவர் இருக்கலாம். முக்கியமாகக் குறும்பர்களை மந்திரவாதிகளாகக் காட்டாதீர்கள். சூனியக்காரர் என்ற அந்தப் பழியால் 19-ஆம் நூற்றாண்டில் இந்த மலையிலேயே அவர்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள். கற்பனைக் குலம் ஒன்றைப் படைத்துக்கொள்ள உங்களுக்கு முழுச் சுதந்திரம் இருக்கிறது.

மலை செய்யும் குறும்புகள்

காற்று பலமாக அடித்தால் மரம் சாய்ந்து மின்சாரம் போகும். சார்ஜ் செய்த விளக்கு மேசைக்கு ஒன்று. போன் டார்ச்சைத் தண்ணீர் நிரம்பிய கண்ணாடி பாட்டிலுக்கு அடியில் வைத்தால் வெளிச்சம் பரவும். திகில் கதைக்கு இதுவே போதும் என்று தொடர்வார்கள், ஆனால் பென்சிலில் எழுதிய எண்களை யாராலும் படிக்க முடியாது. ஜிஎம்முக்குத் தொண்டை கட்டுவது இன்னொரு தொல்லை. குளிர்ந்த காற்றில், ஐந்து மேசை இரைச்சலுக்கு மேல் நான்கு மணி நேரம் பேசினால் மாலைக்குள் குரல் போய்விடும். சுவரோர மேசையைக் கேட்டு வாங்குங்கள், வெந்நீர் பக்கத்தில் இருக்கட்டும். கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், டீயும் அந்தளவுக்குச் சீக்கிரம் ஆறும். இடைவேளைக்கு 15 நிமிடத்துக்கு மேல் தேவைப்படாது.

மாலை ஸ்லாட் ஏழரைக்குள் கட்டாயம் முடிய வேண்டும். சுவாரஸ்யத்தில் பத்து மணி வரை இழுத்துவிட்டு அறைக்கு நடந்து போவது சமவெளிப் பழக்கம். இங்கே தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சாலைகளில், குறிப்பாகக் குன்னூர், கோத்தகிரிப் பக்கம், இருட்டில் காட்டெருமை நிற்கும். கரடியும் வரும். நடக்காதீர்கள், ஆட்டோ சொல்லுங்கள். அதற்கும் எட்டு மணிக்கு மேல் அலைய வேண்டியிருக்கும் என்பதால் டிரைவர் எண்ணை மதியமே வாங்கி வையுங்கள். கூடலூர், மசினகுடி வழியாக மைசூர் திரும்புபவர்களுக்கு இன்னொரு கடிகாரமும் உண்டு: பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும்.

ஞாயிறு ஒரு மணிக்கு எழும்போது கடன் வாங்கிய ஷீட்டில் உங்கள் எழுத்தை அழித்து ஜிஎம்மிடம் திருப்பிக் கொடுங்கள். சார்ட் பேப்பரைச் சுருட்டுங்கள், மடித்தால் அடுத்த முறை மடிப்பில் கட்டம் மறையும். பகடையை எண்ணிப் பையில் போடுங்கள், ஏழு இருக்க வேண்டும். ஆறு இருந்தால் காணாமல் போனது அநேகமாக டி4. முனை மேல்நோக்கித் தரையில் எங்கோ உட்கார்ந்திருக்கும், அது கிடைக்கும்வரை செருப்பைக் கழற்றாதீர்கள்.